பெருமூச்சுக்கு மருந்து உண்டா?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வியந்து பேசாத மாலுமி இல்லை. குன்றுகள் கைகோத்து நின்று காவல் புரிய, எத்துணைப் பெரிய கப்பலையும் அலைப்புண்ணாமல் தன் மடியில் ஏந்திக்கொள்ளும் இயற்கைத் துறைமுகம் அது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன்பொருட்டே கடல் கடந்து வந்து பொருதனர். நீரின் ஆழத்தை அளப்பதற்கு அவர்களிடம் கயிறும் ஈயக்குண்டும் இருந்தன. ஆனால், அந்நீரைச் சூழ்ந்து வாழும் மாந்தரின் நெஞ்சத்தில் படிந்து கிடக்கும் துயரை அளப்பதற்குக் கருவி யாது?

அலங்காரத்துக்காக நாம் இவ்வினாவை எழுப்பவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1964 டிசம்பரில் கொடிய சூறாவளி கரையைத் தாக்கிற்று. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரை வெள்ளம் கொண்டு சென்றது. 1983க்குப் பின்னர் மூண்ட நீண்ட போர் 2009 மே மாதம் வரை மூவினத்து மக்களையும் வாட்டியது. அதன் நடுவே, 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, கடலே எழுந்து ஊருக்குள் புகுந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எனக் கரையோர ஊர்கள் பலவும் அலைக்குள் அகப்பட்டன. இம்மாவட்டத்தில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காயம் ஆறுமுன்பே, 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் மீண்டும் போர். சம்பூர் மக்களிற் பலர் தம் சொந்த மண்ணை மிதிக்கப் பத்தாண்டளவு காத்திருக்க நேர்ந்தது.

வீடு இடிந்தால் கட்டலாம். தோணி உடைந்தால் புதுத்தோணி வாங்கலாம். உள்ளே உடைந்ததை எதனால் கட்டுவது? இதனைக் குறித்தே இவ்வாரம் நம் வாசகர்களுடன் சிறிது உரையாட விழைகின்றோம்.

உடம்பு பேசும் மொழி

நம் கிராமத்து வைத்தியசாலைகளில் அன்றாடம் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. நடுத்தர வயதுத் தாய் ஒருத்தி வைத்தியர் முன் வந்து அமர்கின்றாள். "என்ன வருத்தம் அம்மா?" என்று அவர் கேட்கின்றார். "ஐயா, நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது, உடம்பெல்லாம் உளையுது, கைகால் விறைக்குது, இரவிலை நித்திரை இல்லை," என்கின்றாள் அவள். சொல்லி முடிக்கையில் நீண்ட பெருமூச்சொன்று வெளிப்படுகின்றது. இரத்தத்தைச் சோதிக்கின்றனர், இதயத்தைப் பரிசோதிக்கின்றனர், எங்கும் குறை காணப்படவில்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்," என்று வலிக்குளிசை இரண்டு கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். வீட்டுக்கு வந்தால், "ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள், பின்னும் ஏன் படுத்திருக்கிறாய்?" என்ற பேச்சு வேறு.

அத்தாய் பொய் சொல்லவில்லை. "என் மனம் நொந்திருக்கிறது" என்று வெளிப்படக் கூறுவது நம்மவர்க்கு வழக்கமன்று. ஆகவே மனம் சொல்ல மாட்டாததை உடம்பு சொல்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கியவரும், போர்க்காலம் முழுதும் நம் மக்களிடையே பணியாற்றியவருமான டாக்டர் தயா சோமசுந்தரம் இவ்வுண்மையைப் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்துள்ளார். உள்ளத்தில் ஏற்பட்டு ஆறாத காயத்தின் தழும்புக்கு 'மனவடு' என்னும் அழகிய தமிழ்ச்சொல் வழங்குகின்றது. அப்பெயரிலேயே அவர் தமிழில் நூலொன்றும் எழுதியுள்ளார். தமிழ் நோயாளர் உளத்துயரை உடல் நோவாகவே கொண்டு வருகின்றனர் என்பதும், பெருமூச்சு என்பது அவர்தம் துயரின் கையொப்பம் போன்றது என்பதும் அவர் எழுத்துக்களால் உலக மருத்துவர்க்குத் தெரியவந்தன.

இது நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. முதல் உலகப் போரின்போது, உடலில் சிறு கீறலும் இல்லாத போர்வீரர் பலர் கைகால் நடுங்கியும், பேச்சிழந்தும், நடக்க மாட்டாமலும் மருத்துவமனைகளில் குவிந்தனர். 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதனைக் 'குண்டதிர்ச்சி' எனப் பொருள்படும் பெயரால் மருத்துவ ஏட்டில் விவரித்தார். கோழைகள் என்று அவ்வீரரை இகழ்ந்தோரும் உளர். அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீடு என்பது தனி நோயாக இடம்பெற 1980ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அச்சம் உடலில் செய்யும் வேலை

மாணவர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனித்துப் படிப்பாராக. காட்டுப் பாதையில் யானை எதிர்ப்படுகின்றது என்று கொள்வோம். நாம் சிந்திப்பதற்கு முன்பே உடல் செயற்படத் தொடங்கிவிடுகின்றது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து அடிக்கின்றது; மூச்சு மேலெழுகின்றது; தசைகள் இறுகுகின்றன; வாய் வறள்கின்றது. எதிர்த்து நிற்றற்கோ தப்பி ஓடுதற்கோ வேண்டிய ஆயத்தமே இவை யாவும் என்று வால்ட்டர் கனன் என்னும் அமெரிக்க அறிஞர் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இவ்வாயத்தம் ஓயாது நீடிக்குமாயின் உடல் தேய்ந்து நோயுறும் என்பதை 1936 முதல் ஹான்ஸ் செலியே என்பவர் ஆராய்ந்து காட்டினார்.

யானை போய்விட்டால் உடல் தணிந்து பழைய நிலைக்கு மீள வேண்டும். பெரும்பாலோர்க்கு அவ்வாறே மீள்கின்றது. ஆனால் மிகக் கொடிய நிகழ்ச்சிக்கு ஆளானோர் சிலர்க்கு, ஆபத்து அகன்ற பின்னும் உடல் அதனை நம்ப மறுக்கின்றது. கதவு படாரென்று சாத்தினால் துள்ளி எழுகின்றனர். அலையோசை பெருத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனர். கடலில் பிறந்து கடலில் வளர்ந்த மீனவர்க்கும் சுனாமிக்குப் பின் கடல் அந்நியமாயிற்று. ஆண்டு பல சென்றிருக்கலாம். அறிவுக்கு அது தெரியும். தசைக்கும் மூச்சுக்கும் தெரிவதில்லை.

இவ்வாறாயின், "பயப்படாதே" என்று அறிவுக்கு உபதேசிப்பதால் மட்டும் பயன் என்ன? உடம்புக்கு அது விளங்கும் மொழியிலேயே சொல்ல வேண்டாமா? உடல்வழிச் சிகிச்சை என்பதன் அடிப்படை இக்கேள்வியே.

இயற்கை அதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. இதயத்துடிப்பும் செரிமானமும் நம் ஏவலுக்குக் கட்டுப்பட்டவையல்ல. மூச்சு ஒன்றே தானாகவும் இயங்கும். நாம் ஏவினாலும் இயங்கும். மூச்சை உள்ளிழுக்கையில் இதயத்துடிப்புச் சிறிது விரைகின்றது, வெளிவிடுகையில் தணிகின்றது. அமைதியாக அமர்ந்து மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்க்கும் இளைஞர் எவரும் இதனைத் தாமே கண்டறியலாம். மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் வயிற்றையும் தொடும் வேகஸ் நரம்பின் வேலை அது. ஆகவே வெளிமூச்சை நீட்டுகின்றவன், தன் இதயத்துக்கு 'அமைக' என்று ஆணை அனுப்புகின்றான்.

பெருமூச்சுங்கூட நோயன்று. ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாம் அனைவரும் அறியாமலே பெருமூச்செறிகின்றோம். நுரையீரலில் மடிந்துபோன நுண்ணிய காற்றறைகளை அது மீள விரிக்கின்றது. 2023இல் அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், நலமுள்ள தொண்டர்கள் சிலர் நாள்தோறும் ஐந்து நிமிடம், ஒரு மாத காலம், இருமுறை உள்ளிழுத்து ஒருமுறை நீள வெளிவிடும் பெருமூச்சுப் பயிற்சியைச் செய்தனர். அவர்தம் உள்ளக் கிளர்ச்சி, தியானம் மட்டும் செய்தாரைவிட மேம்பட்டிருந்தது. துயருற்ற தாயின் பெருமூச்சு, உடம்பு தானே தேடிக்கொள்ளும் மருந்தோ என்று எண்ணத் தோன்றுகின்றது அன்றோ!

தளர்த்தும் கலை

1929இல் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பின் தளர்த்தும் முறையை நூலாக எழுதினார். இறுகிய தசையும் அமைதியான மனமும் ஒரே வேளையில் ஓருடலில் இருத்தல் அரிது என்பது அவர் கருத்து. யோக நெறியில் இதனை ஒத்த ஆசனம் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகின்றது. சவாசனம் என்றும் சாந்தி ஆசனம் என்றும் அதற்குப் பெயர். பேராசிரியர் சோமசுந்தரமும் அவர்தம் உடன் பணியாற்றியோரும் வடபுலத்து மனநல நிலையங்களில் இவ்வாசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் செபத்தையும் எண்ணெய் தேய்த்தலையும் சிகிச்சையின் பகுதிகளாகவே கையாண்டனர். மேலைநாட்டு மருந்தைக் கண்டு மிரளும் மூதாட்டியும், "சாமி கும்பிடுகிறமாதிரித்தானே" என்று இதனை எளிதில் ஏற்றனள்.

திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கின்றனர். எனவே ஒரு சமயத்தாரின் சாதனம் மற்றவர்க்கு ஒவ்வாது போகுமோ என்ற ஐயம் எழலாம். அதற்கும் அவர் வழி கூறியுள்ளார். சைவர் ஓங்காரத்தையோ ஐந்தெழுத்தையோ உருவேற்றலாம். இஸ்லாமியர் திக்ரு ஓதலாம். கத்தோலிக்கர் செபமாலை உருட்டலாம். பௌத்தர் ஆனாபானசதி என்னும் மூச்சுத் தியானம் பயிலலாம். மூச்சின் தாளமும், மனம் ஒன்றிய சொல்லும், தளர்ந்த உடலும் எல்லார்க்கும் பொது. அவரவர் தாய் கற்றுத்தந்த சொல்லே அவரவர்க்கு மருந்து.

சிறார்க்கு ஆசனத்தைவிட ஆட்டமே சிறந்த வழி. அயல் மாவட்டமாகிய மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய 'வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா' இதற்கு நற்சான்று. போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாகக் கூடி, களிமண் பிசைந்தும், வர்ணம் தீட்டியும், கூத்தாடியும், பாடியும் தம் குழந்தைமையை மீட்டுக்கொண்டனர். கரைவலை இழுப்போர் தோளோடு தோள் சேர்ந்து அம்பாப் பாடல் பாடி அடியெடுத்து வைக்கும்போதும் இத்தகைய நன்மை ஓரளவு விளையக்கூடும். தாளமும் கூட்டுறவும் தனிமையை உடைப்பன.

ஆராய்ச்சி சொல்வது

நம்பிக்கை வேறு, சான்று வேறு. ஆகவே ஆராய்ச்சியாளர் கண்டதையும் கூறுவோம். சுனாமி அடித்த சில வாரங்களுக்குள், இலங்கையின் வடகிழக்குக் கரையில் புதிதாய் எழுந்த அகதி முகாம்களில், மனவடுவின் அறிகுறிகள் காட்டிய 31 சிறுவர்களை ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தாரும் உள்ளூர் உளவளத் துணையாளரும் சேர்ந்து இரு பிரிவாக்கினர். 16 பேர், தம் வாழ்க்கைக் கதையை அச்சமூட்டிய நிகழ்ச்சி உட்பட முறையாகச் சொல்லிக் கடக்கும் சிகிச்சையைப் பெற்றனர். 15 பேர் தியானமும் தளர்த்தற் பயிற்சியும் பெற்றனர். இரண்டும் ஆறே அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் நோக்குகையில், முதற் பிரிவில் நூற்றுக்கு 81 பங்கினரும் இரண்டாம் பிரிவில் 71 பங்கினரும் நோயினின்று விடுபட்டிருந்தனர். 2009இல் இவ்வாய்வு அச்சேறியது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்துச் சுனாமி அகதிகள் 183 பேரிடையே நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வும், யோக மூச்சுப் பயிற்சி மனவடுவின் அறிகுறிகளைக் குறைத்ததென்று கூறுகின்றது. 2014இல் அமெரிக்காவில், நாட்பட்ட மனவடுவால் வருந்திய 64 பெண்களை வைத்துப் பெசல் வான் டெர் கோக் என்னும் உளமருத்துவர் குழு ஆராய்ந்தது. பத்து வாரம் யோகம் பயின்றோரில் நூற்றுக்கு 52 பங்கினர் அந்நோயின் வரம்பைக் கடந்து மீண்டனர். நலக் கல்வி மட்டும் பெற்றோரில் மீண்டவர் 21 பங்கினரே.

இவை மகிழ்ச்சி தரும் செய்திகள். எனினும் நிதானம் வேண்டும். ஆய்வுகள் சிறியன. சுனாமிச் சிறாரிடை நடந்த ஆய்வில் சிகிச்சையே பெறாத பிரிவு ஒன்று இல்லாமையால், காலம் ஆற்றியது எவ்வளவு, பயிற்சி ஆற்றியது எவ்வளவு என்று பிரித்தறிதல் இயலாது. உடலுணர்வைக் கொண்டே அதிர்ச்சியை வெளியேற்றுவதாகக் கூறும் புதிய முறைகள் சில மேலைநாடுகளில் பெயர் பெற்றுள்ளன. அவற்றுக்கான சான்று இன்னும் சிறிதே. தேர்ந்த துணையாளர் உதவியுடன் நிகழ்ந்ததை நேர்நின்று பேசிக் கடக்கும் சிகிச்சைக்கே இன்றும் வலுவான சான்று உண்டு. உடல்வழிச் சாதனம் அதற்கு உற்ற தோழன்; அதன் இடத்தைப் பறிக்க வந்த பகைவன் அன்று.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

திருகோணமலை நகருக்கு வடமேற்கே சில கல் தொலைவில் கன்னியா வெந்நீரூற்று உள்ளது. சிறு சதுரக் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றின் வெம்மையும் சற்றே வேறுபடும். இராவணனுடைய தாய் இறந்தபோது, அவளுக்குரிய கிரியைகளை ஆற்றுவதற்காகத் தோன்றியவை இவை என்பது வழிவழி வந்த கதை. இன்றும் இவ்வூர்ச் சைவர் பலர் இறந்தார்க்குரிய அந்தியேட்டிக் கடனை இங்கே நிறைவேற்றுவதைப் பெரும்பேறாகக் கருதுவர்.

துக்கத்தில் உடல் குளிர்ந்து விறைத்துப் போகின்றது. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று நம் முன்னோர் துக்கத்துக்கு நாள் குறித்தனர். அந்நாட்களில் உற்றார் கூடுகின்றனர், எள்ளும் நீரும் இறைக்கின்றனர், தலை முழுகுகின்றனர், சமைத்துப் பகிர்ந்து உண்கின்றனர். வெதுவெதுப்பான நீர் தலைவழி இறங்கும்போது, அழ மாட்டாதவனும் அழுதுவிடுகின்றான். உள்ளத்தின் காரியம் உடலால் நடைபெறுகின்றது. முஸ்லிம் குடும்பங்களிலும் கைம்பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் துக்க காலமாக வகுக்கப்பட்டுள்ளது. துயரத்துக்கு ஒரு கரை வேண்டும் என்பதை எல்லாச் சமயத்தாரும் உணர்ந்திருந்தனர்.

இங்கேதான் நம் காலத்துப் பெருந்துன்பம் தலைகாட்டுகின்றது. கடல் கொண்டு சென்ற உடல்கள் பல கரை சேரவில்லை. போரில் காணாமற் போனோரின் செய்தி வரவில்லை. உடல் இல்லாதபோது கிரியை எப்படி? அந்தியேட்டி செய்தால் அவன் இறந்தான் என்று நாமே தீர்ப்பெழுதியதாகுமே என்று அஞ்சும் தாய், ஒவ்வொரு மாலையும் வாசலையே பார்த்திருக்கின்றாள். அவளுக்கு நாள் குறித்துக் கொடுக்க எவராலும் இயலாது. மூச்சுப் பயிற்சி அவள் மகனைத் திருப்பித் தராது. அவள் கேட்கும் விடையையும் தராது. அவ்விடை தரவேண்டியவர் வேறு. பயிற்சியால் ஆவது, அவள் இரவில் சில நாழிகை உறங்குதலும், காலையில் எழுந்து எஞ்சிய பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்டுதலுமே. அதுவும் சிறிய உதவியன்று.

இல்லத்தில் செய்யத்தக்கது

சாந்தி ஆசனத்தை எவரும் வீட்டிலேயே பயிலலாம். உண்டு இரண்டு மணி நேரமாவது கழிந்த பின், காற்றோட்டமான இடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்தல் வேண்டும். கால்கள் சற்றே விலகியிருக்க, உள்ளங்கைகள் மேல் நோக்கியிருத்தல் நன்று. முதலில் பாதங்களை ஐந்து எண்ணும்வரை இறுக்கி, பின் முற்றாகத் தளர விடுக. அவ்வாறே கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், கழுத்து, முகம் என்று படிப்படியாக மேலேறுக. பின்னர் மூச்சை மூன்று எண்ணி உள்ளிழுத்து, ஆறு எண்ணி மெல்ல வெளிவிடுக. மூச்சை வலிந்து அடக்க வேண்டா. வெளிவிடும்தோறும் மனத்துக்குகந்த திருநாமம் ஒன்றை உச்சரிக்கலாம். பதினைந்து நிமிடம் போதும். ஒரே நாளில் பயன் தேடாது, சில வாரமேனும் விடாது செய்தல் வேண்டும்.

எச்சரிக்கை சில உண்டு. கொடுமைக்கு ஆளானோர் சிலர்க்குக் கண்ணை மூடி அசையாது படுத்தலே அச்சம் தரும். மறக்க விரும்பிய காட்சிகள் திரண்டு வரும். அத்தகையோரை வற்புறுத்தற்க. கண் திறந்தபடி, சுவரில் சாய்ந்து அமர்ந்து, பாதம் நிலத்தில் பதிந்திருப்பதை உணர்ந்தவாறு செய்யட்டும். அன்றேல் முற்றத்தில் உலாவட்டும். அவர் இசைவின்றி எவரும் அவரைத் தொடுதல் ஆகாது. நெஞ்சு நோவை மனநோவென்று தாமே முடிவு செய்தலும் தவறு. முதலில் வைத்தியர் பார்த்துத் தெளிதல் வேண்டும். இதய நோயாளரும் ஆஸ்துமா உடையோரும் கருவுற்றோரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக.

உறக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தாலும், வாழ்வு வேண்டாம் என்னும் சொல் வாயில் வந்தாலும் காலந் தாழ்த்துதல் கூடாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுக. தொலைபேசியில் 1926 என்னும் இலக்கத்தை அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தார் செவிசாய்ப்பர். அங்கே போவதில் இழுக்கு யாதுமில்லை. கால் முறிந்தவன் வைத்தியரிடம் போவதை எவரும் பழிப்பதில்லை.

குடும்பத்தார்க்கு ஒரு சொல். மாலையானதும் மதுக்கடையை நாடும் தந்தை, எதற்கெடுத்தாலும் சீறி விழும் அண்ணன், பத்து வயதாகியும் படுக்கையை நனைக்கும் தம்பி, காரணமின்றி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமரும் அம்மா ஆகிய இவர்களை "நடிக்கிறார்" என்று தள்ளுவது எளிது. அவர்கள் உடம்பு எதைச் சொல்ல முயல்கின்றது என்று பொறுத்திருந்து கேட்பதே அரிது. கிழக்குக் கரையில் மிகப் பலர் கேட்பாரின்றியே பெருமூச்செறிந்து மாண்டனர். எஞ்சியோர்க்கேனும் பாய் விரித்துக் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து, அவர்தம் மூச்சோடு நம் மூச்சையும் சேர்த்து எண்ணுவோமாக. கேட்பதற்கு ஒருவர் உண்டென்று அறிந்த உடம்பு மெல்லத் தளரக் கற்றுக்கொள்ளும்.